எண்பத்தெட்டாம் கதவு

பிப்ரவரி 3, திங்கள்

இன்று கழிவறைக் கதவுகள். மொத்தம் பதினேழு. மொழியியல் படித்தவள் ஒரு முழுப் பகலை 'ஆண்கள்', 'பெண்கள்' என்ற இரண்டு சொற்களோடு கழித்தாள். படித்த படிப்பு வீண்போகவில்லை. 'மகளிர்' என்று எழுதினால் 'ஆடவர்' என்றும் எழுத வேண்டிவரும் என்று அரை மணி நேரம் வாதாடி வென்றேன்.

நாங்கள் போர்டு செய்கிறவர்கள். கட்டடங்களுக்குள் மனிதர்கள் தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் என்பார் மேலாளர். கீழே அறுக்கும் இயந்திரம். மேலே நாங்கள் நான்கு பேர்: மேலாளர், ஒரு புள்ளியை மயிரிழை நகர்த்திவிட்டு நாள் முழுக்கத் திருப்தியாக இருக்கும் வரைகலைக்காரன் பிக்சல், போர்டுகளைக் கொண்டுபோய் மாட்டும் ஏணி அண்ணன், எழுத்துக்கு நான். என்னைப் பிக்சல் 'புலவரே' என்று கூப்பிடுகிறான்.

புதிய ஆஸ்பத்திரி ஒன்று, நான் சேர்ந்த நாளிலிருந்து நான்கு மாதமாகப் பேச்சு நடக்கிறது. 141 போர்டு. இதுவரை எங்களுக்கு வந்ததிலேயே பெரிய வேலை, இன்னும் முழுசாக வரவில்லை. வேறொரு நிறுவனமும் போட்டியில் இருக்கிறது. என் தகுதிகாண் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. மேலாளர் இன்று சுற்றி வளைக்காமல் சொன்னார்: "இந்த ஆஸ்பத்திரி வந்துடுச்சுன்னா நீயும் இங்கதான். வரலைன்னா எழுத்துக்குன்னு தனியா ஒரு ஆளை என்னால வச்சுக்க முடியாதும்மா."

இங்கேயே இருக்க ஆசைப்படுகிறேனா? ஆமாம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஆமாம்.


பிப்ரவரி 5, புதன்

ஆஸ்பத்திரியின் நிர்வாகி தொலைபேசியில். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'நிதானம்'. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் பிக்சல் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவான். இது பேரம் பேசும் தந்திரம் என்பது மேலாளரின் கட்சி. "பேசாம இருந்தா எதிராளி தானா இறங்கி வருவான்னு எங்கயோ கத்துக்கிட்டிருக்காங்க."

நான் அவ்வப்போது வார்த்தை எடுத்துக் கொடுப்பேன். அவர் "ஒரு..." என்று நின்றால் நான் "மாற்றம்?" என்பேன். சில நேரம் "ஆமா" என்பார். சில நேரம் "இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். இப்படி எடுத்துக் கொடுப்பது எங்கள் சுவரில் இருக்கும் 'தொழில் நாகரிகம் - பன்னிரண்டு விதிகள்' போர்டில் ஒன்பதாவது விதி: *எதிரில் இருப்பவர் வார்த்தைக்குத் தடுமாறினால் எடுத்துக் கொடுத்து உதவுக.* விதிகள் மேலாளருடையவை. ஒற்றுப் பிழை பார்த்தது நான். நீல அக்ரிலிக்கில் வெள்ளை எழுத்து.

இன்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கு 'அமைதி காக்கவும்' என்று வாசித்தேன்.

நீண்ட அமைதி. பிறகு: "இது யார்ட்ட சொல்றது?"

"வர்றவங்ககிட்டதான் மேடம்."

"வர்றவங்களோட ஆள் ஒருத்தர் உள்ள இருக்கார். அவங்களுக்குச் சத்தமே வராது."

'காக்கவும்', 'அமரவும்', 'செலுத்தவும்'. இந்த 'வும்' யாரைப் பார்த்துப் பேசுகிறது? யாரையும் இல்லை. முகம் இல்லாத மரியாதை. நான்கு மாதமாக ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன், ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

மாலையில் அவரிடமிருந்து மின்னஞ்சல். ஒரே வரி. 'அந்த வாசலுக்கு: உள்ளே உறங்குகிறார்கள்.'

பிக்சலிடம் காட்டினேன். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.


பிப்ரவரி 6, வியாழன்

*உள்ளே உறங்குகிறார்கள்.* பேருந்தில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.


பிப்ரவரி 7, வெள்ளி

கூட்ட அறைக்குப் புதிய பேசும் பெட்டி வந்தது. மேசை நடுவில் வைத்தால் எல்லோர் குரலையும் வாங்கிக்கொள்ளும். அது வந்த அட்டைப்பெட்டியை ஏணி அண்ணன் தன் சாப்பாட்டு மேசையாக்கிக்கொண்டார். கூட வந்த கையேட்டை யாரும் பிரிக்கவில்லை. ஊருக்கெல்லாம் 'படித்துவிட்டுப் பயன்படுத்தவும்' என்று எழுதித் தருகிற கம்பெனி.

இன்று எண்பத்தெட்டாம் எண். ஒரு சின்ன அறை. நாலு நாற்காலி, ஒரு கதவு. அவர் சொன்னது அப்படியே: "அந்த அறையில டாக்டர் வந்து சொல்வார். என்ன சொல்வார்னு வெளிய இருக்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாம். என்ன எழுதலாம்?"

'ஆலோசனை அறை' என்றேன். 'சந்திப்பு அறை' என்றேன். இரண்டும், கெட்ட செய்தி சொல்லும் அறை என்று ஒரே வாரத்தில் எல்லோருக்கும் புரிந்துவிடும் பெயர்கள். அந்தக் கதவுக்குள் கூட்டிப்போகப்படுகிறவரை வராந்தாவே திரும்பிப் பார்க்கும். யோசித்துத் திங்கட்கிழமை பேசலாம் என்று முடிவானது.


பிப்ரவரி 10, திங்கள்

எழுத முடியவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

பத்தரை மணிக்கு அழைப்பு. நாங்கள் நான்கு பேரும். எண்பத்தெட்டு வந்தது. அவர், "அதுக்கு ஒரு க..." என்று தொடங்கி நின்றார். அமைதி. மேலாளர் பெட்டியின் பொத்தானை அழுத்தினார், சிவப்பு வரவில்லை என்று மறுபடி அழுத்தினார். சிவப்பு விளக்கு. இனி நாங்கள் பேசுவது அந்தப் பக்கம் போகாது.

"நிதானம் ஆரம்பிச்சுட்டாங்க," என்றான் பிக்சல். "புலவரே, எடுத்துக் குடுங்க."

நான் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் குரலிலேயே. மூக்கில் கொஞ்சம், தொண்டையில் கொஞ்சம். "அதுக்கு ஒரு க்... க்... க்... கொஞ்சம் யோ... யோசிச்சு..." கண்ணைச் செருகிக்கொண்டு செய்தேன். ஏணி அண்ணன் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். அது எனக்குப் போதவில்லை. மேலே போனேன்: "இவங்க 'தீ'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள கட்டடமே சாம்பலாயிடும்!" பிக்சல் மேசையைத் தட்டினான். மேலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் ஒன்றும் வேடிக்கையான ஆள் இல்லை. கல்லூரியில் ஒருவரையும் சிரிக்கவைத்ததில்லை. அந்த நிமிடம் — எவ்வளவு நன்றாக இருந்தது!

அப்போது பெட்டி பேசியது.

"உங்க லைன் விட்டு விட்டு வருது. இங்க எதுவும் விழல. எண்பத்தெட்டுலேருந்து திரும்ப ஆரம்பிக்கலாமா?"

அவ்வளவுதான். பொத்தானை யாரும் மறுபடி தொடாமலே அழைப்பு தொடர்ந்தது. எண்பத்தெட்டைத் தள்ளி வைத்துவிட்டு 104 வரை போனோம்.

முடிந்த பிறகு ஏணி அண்ணன்தான் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "சார்... பழையதுல சிவப்புன்னா மூடியிருக்குன்னு அர்த்தம். இதுல சிவப்பு எரிஞ்சா திறந்திருக்குன்னு போட்டிருக்கே."

பிக்சல் அந்தக் கையேட்டைப் பிரித்தான்.

"கேக்கலைன்னு அவங்களே சொல்லிட்டாங்க இல்ல?" என்றார் மேலாளர். "லைன் சரியில்லையாம். முடிஞ்சுது. யாரும் இதைப் பேசக் கூடாது."

சிவப்பு விளக்கைத் தப்பாகப் படித்த போர்டு கம்பெனி.


பிப்ரவரி 11, செவ்வாய்

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. அழைப்புகள் தானாகவே பதிவாகி முப்பது நாள் இருக்கும். எதற்கும் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். லைன் விட்டுப்போயிருந்தால் என் நெஞ்சு ஆறும்.

விட்டுப்போகவில்லை.

10.42. என் குரல். கண்ணாடி மாதிரி தெளிவாக. 'சாம்பலாயிடும்' வரைக்கும். எங்கள் சிரிப்பு. மேசை அதிர்வது. அதற்குக் கீழே, அந்தப் பக்கத்தில், ஒரு நாற்காலி நகர்கிறது. ஓர் ஆணின் குரல்: "மேடம், இவங்க உங்களைத்தானே..."

"இருங்க."

பிறகு ஒன்றுமில்லை. பதினோரு விநாடி. எண்ணினேன். பிறகு: உங்க லைன் விட்டு விட்டு வருது.

கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும். தன்னோடு வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் இருக்கும்போது.

அவர் என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். போனை வைத்திருக்கலாம். "நாங்க எல்லாத்தையும் கேட்டுட்டிருக்கோம்" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு மேல் ஒரு சொல்கூடத் தேவையில்லை, நாங்கள் நான்கு பேரும் அந்த மேசைக்கு அடியில் போயிருப்போம். அவர் பதினோரு விநாடி எடுத்துக்கொண்டு எங்களுக்கு ஒரு பழுதான லைனைச் செய்து கொடுத்தார்.


பிப்ரவரி 12, புதன்

மறுபடி கேட்டேன். ஏழு தடவை. இன்று வேறொன்று கேட்டது.

'இங்க எதுவும் விழல.' ஏன் 'விழல'? எல்லோரும் 'கேக்கல' என்போம். 'காதுல விழல' என்றாவது சொல்வோம். காதை விட்டுவிட்டு ஏன் சொன்னார்?

நான்கு மாதப் பதிவுகள் இருக்காது. முப்பது நாளுக்கு உள்ளவை இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கேட்டேன். படித்தது இதற்காவது உதவட்டும் என்று தாளில் குறித்துக்கொண்டே வந்தேன்.

அவர் நிற்பது எல்லாச் சொல்லிலும் இல்லை. க. ப. ம. இந்த மூன்றில் தொடங்கும் சொற்களில் மட்டும். 'கேக்கல' — க. 'காதுல' — க. 'மன்னிக்கணும்', 'மறுபடி' — ம. அவர் 'திரும்ப' என்றார். 'போர்டு' என்று அவர் சொல்லி ஒரு பதிவிலும் இல்லை. எப்போதும் 'அறிவிப்பு'. அரசாங்கம் மாதிரி பேசறாங்க என்று அதற்கும் சிரித்திருக்கிறோம்.

திக்குவாய். இத்தனை நாளும் தந்திரம் என்று நினைத்தோமே, அந்த அமைதிக்குள் அவர் ஒரு சொல்லின் கதவு திறக்கவில்லை என்று அடுத்த தெருவுக்குப் போய், அங்கிருந்து வேறொரு சொல்லை அழைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும். 'உள்ளே உறங்குகிறார்கள்' எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. எங்களுக்கு முதலில் வருகிற சொல்லே போதும். அவருக்கு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது.

அந்தப் பதினோரு விநாடியில் கோபத்தை விழுங்கியது மட்டும் நடக்கவில்லை. எங்களைக் காப்பாற்றும் ஒரு பொய்யைத் தன் வாய் தடுக்காத எழுத்துகளாகப் பொறுக்கி அடுக்கியிருக்கிறார். அதில் க இல்லை. ப இல்லை. ம இல்லை. அது உடையக் கூடாது. உடைந்தால் பொய் என்று தெரிந்துவிடும்.

இதற்கு என்ன பெயர்? 'மரியாதை' என்று சொல்லிப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் மாதிரி சின்னதாக இருக்கிறது அந்தச் சொல்.


பிப்ரவரி 13, வியாழன்

கூட்டக் குறிப்பில் என்ன எழுதுவது? அரை நாள். கடைசியில்: '10.42 - 10.44: இணைப்புத் தடை.' அனுப்பிவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் பதில்: 'பெற்றேன், நன்றி. எண் 61-இல் ஓர் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. மற்றவை சரி. 10.42 குறிப்பும் சரி.'

எழுத்திலும் அந்தப் பொய்யிலேயே நின்றார். வாய் தடுக்காத இடத்திலும்.


பிப்ரவரி 14, வெள்ளி

மேலாளரிடம் போட்டுக் காட்டினேன். நானாகத்தான் போனேன். கதவைச் சாத்திவிட்டு, 'சார், ஒரு நிமிஷம்' என்று.

முதலில், "அழிச்சிடு," என்றார். "முழுசாக் கேளுங்க சார்," என்றேன். கேட்டார். "இருங்க" என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். பிறகு, போடு என்று சைகை. பதினோரு விநாடியும் சுவரில் இருந்த தன் பன்னிரண்டு விதிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சிரிச்சது எனக்கே கேக்குது," என்றார்.

"மன்னிப்புக் கேட்டு எழுதட்டுமா சார்? என் பேர்ல. வேலை போனாலும் பரவாயில்ல."

"உன் வேலை மட்டுமாம்மா? நாலு பேரு. கீழ மெஷின்ல ஆறு பேரு." பிறகு நாலாவது விதியைக் காட்டினார்: *வாடிக்கையாளர் சொல்வதே சரி.* "அவங்க கேக்கலைன்னு சொல்றாங்க. அப்ப கேக்கலை."

கோழைத்தனமா, சரியான பேச்சா? அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தெரியவில்லை.


பிப்ரவரி 16, ஞாயிறு

மொட்டைமாடியில் அக்காவோடு துணி காயப்போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் இருக்கிறாள். நாள் முழுக்க வலியோடு வருகிறவர்களிடம் 'உட்காருங்க' என்று சொல்லும் வேலை.

கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு எடுத்துவிட்டு, "நீயா? நீயா அப்படிப் பேசிக் காட்டினே? உனக்கு ஜோக் சொல்லவே வராதேடி," என்றாள்.

"அக்கா."

"சரி சரி. இப்ப மன்னிப்புக் கேட்டா யாருக்கு நிம்மதி?"

வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்தேன்.

"உனக்கு. அவங்க என்ன பண்ணுவாங்க? 'ஆமா, கேட்டேன், எல்லாரும் பாக்க அவமானப்பட்டேன்'னு ஒத்துக்கணும். இல்ல, 'எதைச் சொல்றீங்க'ன்னு இன்னொரு பொய் சொல்லணும். ஏன் அவங்களைப் படுத்தறே? பாவம், கதவைச் சாத்திட்டுப் போயிருக்காங்க. நீ போய்த் தட்டறேங்கறே."

"அப்ப ஒண்ணுமே பண்ணாம இருக்கறதா? அதுதான் நாகரிகமா? தப்புப் பண்ணினவ ஜம்முனு உக்காந்துக்கறது?"

அக்கா அத்தானின் சட்டையை உதறினாள். என் முகமெல்லாம் தண்ணீர்.

"அது எனக்குத் தெரியாது. எங்க டாக்டர்கிட்ட வர்றவங்க வாயத் திறந்துக்கிட்டுப் படுத்திருப்பாங்க. பேச முடியாது. அவங்ககிட்ட எதையாவது கேட்டுட்டு, அவங்க 'ஆ ஆ'ன்னா, அதுக்கு அவளே ஒரு அர்த்தம் வச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே போற நர்ஸ் ஒருத்தி இருக்கா. அவளைக் கண்டாலே ஆளுங்களுக்கு ஆகாது. அவ நல்லவதான்."

அக்காவுக்கு நான் வார்த்தை எடுத்துக் கொடுப்பது பற்றித் தெரியாது. சொல்லவே இல்லை. எப்படி அங்கே போய் நின்றாள்?


பிப்ரவரி 17, திங்கள்

பதிவுகளில் இன்னொரு கணக்கு எடுத்தேன். ஒரே மாதத்தில் இருபத்து மூன்று தடவை நான் அவருக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பதினாறு தடவை அவர் 'ஆமா' என்றிருக்கிறார். அந்தப் பதினாறில் எத்தனை அவருடைய வார்த்தை? எத்தனை தடவை களைத்துப்போய் என் வார்த்தையை வாங்கிக்கொண்டார்?

போலி செய்தது ஒரு நிமிடம். இது நான்கு மாதம். சுவரில் எழுதி வைத்துக்கொண்டு.


பிப்ரவரி 19, புதன்

அவர் நேரில் வருகிறார். திங்கட்கிழமை, பதினொரு மணி. மாதிரிகளைப் பார்த்துவிட்டு எங்களா, அவர்களா என்று முடிவு செய்வார். மேலாளர் என்னைப் பார்த்தார். "எழுத்தைப் பத்தி நீதான் சொல்லணும்."

என் முகம் அவருக்குத் தெரியாது. குரல் தெரியும்.


பிப்ரவரி 21, வெள்ளி

மூன்று நாளாக 'வும்' களைந்துகொண்டிருக்கிறேன். 'வரிசையில் நிற்கவும்' என்பதற்கு 'உங்களுக்கு முன்னால் வந்தவர் இங்கே நிற்கிறார்.' எல்லா இடத்திலும் பொருந்தவில்லை. 'கையைத் தேய்க்கவும்' என்பதை மாற்றப் போய்ச் சோப்பு விளம்பரம் மாதிரி ஆகிவிட்டது. "புலவரே, கிருமிக்குக் கவிதை வேண்டாம்," என்றான் பிக்சல். 'கை கழுவுங்கள்.' சரி.

பிக்சல் ஒருமுறைகூட நிதானம் என்று சொல்லவில்லை இந்த வாரம். 'அவங்க' என்கிறான்.

எண்பத்தெட்டு இன்னும் காலி. 'உறவினர் அறை'. இல்லை. 'அமைதி அறை'. இல்லவே இல்லை. அந்தக் கதவை நினைக்கும்போதெல்லாம் அக்கா சொன்ன, அவர் சாத்திவிட்டுப் போன கதவு நினைவுக்கு வருகிறது.


பிப்ரவரி 22, சனி

ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குப் போனேன். ஏணி அண்ணன் அளவெடுக்கப் போகிறார் என்று கூட ஒட்டிக்கொண்டேன். இரண்டாம் தளம், வராந்தா, சுண்ணாம்பு வாசனை. எண்பத்தெட்டு இருக்கும் வரிசையில் ஆறு கதவு. ஒன்று துணி வைக்க, ஒன்று மின்பெட்டிக்கு, ஒன்று துடைப்பம் வாளிக்கு. அந்த மூன்றுக்கும் பட்டியலில் எழுத்தே இல்லை, வெறும் கதவுகள்.

எண்பத்தெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். இங்கே ஒருவர் உட்கார்ந்து கேட்பார். வெளியே வராந்தாவில் ஆட்கள் போய்க்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு எதுவும் விழாது.

எதுவும் விழாது.

ஓடிப்போய் ஏணி அண்ணனிடம் சொன்னேன். ஏணியின் உச்சியிலிருந்து கீழே பார்த்தார். "நல்லா இருக்கும்மா. ஆனா நாம போர்டு விக்கறவங்க."


பிப்ரவரி 24, திங்கள்

வந்துவிட்டுப் போய்விட்டார். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

ஐம்பது வயதுப் பெண்மணியை எதிர்பார்த்திருந்தோம். வந்தவருக்கு என் வயது. கூடினால் ஒன்றிரண்டு அதிகம். முதுகில் மாட்டும் பை, தூசி படிந்த செருப்பு. கூட ஓர் உதவியாளர். அவர் வாயைத் திறந்ததும் குரல் தெரிந்துவிட்டது. 'மேடம், இவங்க உங்களைத்தானே'. அவர் எங்களைப் பார்த்த பார்வையில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, இளக்கமும் இல்லை.

நான் 'வணக்கம்' என்றேன். அந்த ஒரு சொல்லிலேயே நிர்வாகி என்னைக் கண்டுகொண்டிருப்பார். அவர் முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தேன். அசைந்தது: புன்னகைத்தார்.

"நீங்கதான் எழுதுறவங்க."

"ஆமாங்க."

கீழே இயந்திரம் அறுக்கத் தொடங்கியது. மேலாளர் பதறிப்போய், "மேடம், சத்தம் ஜாஸ்தியா இருக்கு, அவ பேசறது கேக்குதா உங்களுக்கு?" என்றார்.

அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "நல்லா விழுது."

ஏணி அண்ணன் தரையைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். எழுத்துகள் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் நின்ற இடங்களில் எல்லாம் நானும் நின்றேன். சொல்வது சுலபம். நாக்கு நுனியில் அவருக்கான சொல் வந்து நிற்கும். அது சரியான சொல் என்றும் தெரியும். அதைக் கொடுக்காமல் இருப்பது என்பது, கீழே விழப்போகும் தம்ளரைப் பிடிக்காமல் இருப்பது மாதிரி. ஆனால் தம்ளர் விழவில்லை. ஒரு தடவைகூட விழவில்லை. அவர் ஒவ்வொரு முறையும் பிடித்துவிட்டார்.

எண்பத்தேழு. அடுத்து எண்பத்தெட்டு: திரை வெள்ளையாக இருந்தது.

"பிக்சல், படம் வரலையேப்பா," என்றார் மேலாளர். அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் தடுத்திருப்பார்.

"இதுதான் சார்," என்றேன். பிறகு நிர்வாகியிடம்: "எண்பத்தெட்டுக்குப் போர்டு வேண்டாங்க. அந்த வரிசையில மூணு கதவுக்கு எழுத்தே கிடையாது. இதுவும் நாலாவதா இருந்துட்டுப் போகட்டும். கூட்டிட்டுப் போற டாக்டருக்கு எந்தக் கதவுன்னு தெரியும். உள்ள என்ன கேட்டாங்கங்கறது..." அவரை நேராகப் பார்த்தேன். "உள்ள கேட்டவங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

மேலாளர் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. வாடிக்கையாளரிடம் போய் எங்கள் சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதிர்க் கம்பெனி எண்பத்தெட்டுக்கு நிச்சயம் ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கும்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எண்பத்தெட்டுக்கு..." என்றார். "எண்பத்தெட்டுக்கு ப்..."

நின்றுவிட்டது.

உதடுகள் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. கழுத்து நரம்பு தெரிந்தது. நான் நான்கு மாதம் பெட்டிக்குள் கேட்டது, ஒரு நிமிடம் விளையாடிக் காட்டியது, இதுதான். இவ்வளவு உழைப்பு. 'அறிவிப்பு' என்ற சொல் அவர் பக்கத்திலேயே இருந்தது. எப்போதும் அவர் எடுத்துக்கொள்கிற சொல். அதை எடுத்திருந்தால் அந்த நொடியே முடிந்திருக்கும்.

எடுக்கவில்லை. சுற்றிப் போகவில்லை. அந்தப் பூட்டிய சொல்லின் முன்னாலேயே நின்றார். எங்கள் நான்கு பேருக்கும் முன்னால்.

மேலாளரின் வாய் அசைந்தது, ஒன்பதாவது விதி. அவர் முழங்கைக்குக் கீழிருந்த கோப்புறையை மெல்ல என் பக்கம் இழுத்தேன். மேலாளர் வாயை மூடிக்கொண்டார். பிக்சல் அசையவில்லை. கீழே இயந்திரம் எப்போது நின்றது என்று தெரியாது. நான் விநாடி எண்ணவில்லை.

"...போர்டு வேண்டாம்," என்றார்.

முழுசாக. கடைசி எழுத்துவரை.

பிறகு சிரித்தார், தலையைப் பின்னால் சாய்த்து. உதவியாளரும் சிரித்தார்; எங்களைப் பார்த்து முதல் தடவையாக.

வாசல்வரை போனேன். மன்னிப்பு என் வாய்க்குள்ளேயே இருந்தது, முழுசாக, உடையாமல். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "கடைசிப் படி உயரம் கம்மிங்க, பார்த்து எறங்குங்க," என்றேன். பார்த்து இறங்கினார்.


பிப்ரவரி 25, செவ்வாய்

பத்தாம் தேதி அழைப்பின் ஒலிப்பதிவை அழித்தேன். அவர் சாத்தியது. நான் இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தது போதும்.

மேலாளருக்கு இன்னும் ஆறவில்லை. "போர்டு வேண்டாம்னு போர்டு கம்பெனிக்காரியே சொன்னா! வேலை மட்டும் போகட்டும், உன்னை வச்சுக்கறேன்." இது திட்டா, வேறா என்று பிக்சலைக் கேட்டேன். "சார் பாணி," என்றான்.


பிப்ரவரி 28, வெள்ளி

ஒன்றும் வரவில்லை. என் கடைசி நாளாகவும் இருக்கலாம். மேசை இழுப்பறையில் என்னுடையது என்று ஒரு பேனாவும் ஒரு கைக்குட்டையும்.

ஒன்றிரண்டு நாளில் தெரிந்துவிடும். திங்கட்கிழமை வாம்மா என்றார் மேலாளர்.


மார்ச் 3, திங்கள்

காலை பத்துக்கு ஆஸ்பத்திரியின் கடிதம். 'அறிவிப்புகள்: 140.' பட்டியலில் 87-க்கு அடுத்து 89.

பதினொரு மணிக்கு என் நிரந்தரக் கடிதம். கடைசி வரி: 'கையொப்பமிட்டுத் திருப்பித் தரவும்.' மேலாளரே தட்டச்சு செய்திருக்கிறார். சிரித்துக்கொண்டே கையொப்பமிட்டேன்.

சுவரில் ஒன்பதாவது விதியின் மேல் ஒரு டேப் ஒட்டியிருக்கிறது. கோணலாக. எப்போது, யார் என்று யாரும் கேட்கவில்லை. நேராக ஒட்டிவிட வேண்டும் என்று பிக்சலுக்குக் கை அரிக்கிறது, தொடவில்லை.

மூன்று மணிக்கு அழைப்பு. நாங்கள் நான்கு பேரும். நூற்றுப் பன்னிரண்டில் அவர், "இந்தப் ப்..." என்று நின்றார்.

மேசை நடுவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏணி அண்ணன் தம்ளரை ஓசைப்படாமல் கீழே வைத்தார். எல்லோரும் காத்திருந்தோம்.